பச்சை தெரியாத கண்ணாடி

புதுச்சத்திரம்,
12 ஜூன் 2024

அருணகிரிக்கு,

இங்கே அப்பா, அம்மா, எதிர்வீட்டில் உன்னைப் பெற்றவர்கள், எல்லோரும் நலம். என் இடது கண்ணும் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய்.

அண்ணா என்று எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நன்றாகக் கவனி.

உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். கோவை ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டுக் கட்டுக் கட்டிப் படுக்க வைத்திருந்தபோது, ரோஜாப்பூப் படம் போட்டு 'சீக்கிரம் குணமாகுக' என்று அனுப்பினாயே, அன்றைக்கே தடுத்தேன். விழித்திரையில் பட்ட சூடு ரோஜாப்பூவுக்கு ஆறாது. இனி நமக்குள் காகிதம்தான். போனில் நீ நன்றாகப் பேசுவாய். காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும்.

கல்லூரி மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டிருக்கிறது. அவர்கள் கேட்கப்போவது ஒரே கேள்வி: லேசர் ஓடிக்கொண்டிருக்கும்போது வெண்ணிலா ஏன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்? பதில் உனக்குத் தெரியும். நம் கைடு சந்திரசேகர் சார் உனக்குப் போனில் சொன்னார், அதை நீ எனக்குச் சொன்னாய், நான் கழற்றினேன். போனில் அவர் பேசியதைக் கேட்டவன் நீ ஒருவன்தான். அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் குழுவுக்குக் கொடு.

கொடுக்காவிட்டால் என் அலட்சியம் என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்தால் என் பிஎச்.டி. பதிவு ரத்து. கண்ணும் போய், அந்தக் கண்ணை வைத்துச் செய்த நான்கு வருட வேலையும் போகும்.

பெரியப்பா மகன் என்பதால் கேட்கவில்லை. அங்கே நின்றவன் என்பதால் கேட்கிறேன்.

வெண்ணிலா


சூரமங்கலம்,
27 ஜூன் 2024

அன்புள்ள அம்மிணிக்கு அண்ணன் எழுதுவது.

நான் இங்கே நலம். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவில் நிற்கிறது? முட்டை வேன் ஓட்டுகிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதே இல்லை, நீதான் சொல்லவேண்டும். சித்திக்கு மூட்டுவலி தேவலையா? எங்கள் மாடு கன்று போட்டதாக அம்மா சொன்னார். உங்கள் வீட்டுக்குச் சீம்பால் கொடுத்தார்களா?

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் எழுதியிருக்கிறாய், நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று சொல்கிறேன். அன்றிலிருந்து சார் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் வீட்டு மேடம் சொன்னார். உன்னைக் கோவைக்குக் கொண்டுபோனது அவருடைய காரில்தான். பின்சீட்டில் நீ வாந்தி எடுத்ததைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவ்வளவு பெரிய மனசு.

'எதிர்பாராத விபத்து' என்று முடிந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. செப்டம்பரில் எனக்கு வைவா. அதன்பிறகு துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் இடம் காலியாகிறது. சார் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நம் குடும்பத்தில் ஒருவராவது உள்ளே போய் உட்காரவேண்டாமா? நான் உட்கார்ந்தால் உன்னை விட்டுவிடுவேனா?

இங்கே வேலை தடைப்படவில்லை. புது கிராஃபைட் வில்லைகள் வந்துவிட்டன. வெயிலில் அலையாதே. கீரை நிறையச் சாப்பிடு.

உன் அண்ணன்
அருணகிரி


புதுச்சத்திரம்,
9 ஜூலை 2024

அருணகிரிக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. அப்பாவின் சர்க்கரை, அம்மாவின் மூட்டு, உங்கள் மாட்டின் கன்று, சாருடைய பசி, அவர் காரின் பின்சீட்டு, இத்தனையும் விசாரித்திருக்கிறாய். கண் என்ற சொல் உன் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. கீரை இருக்கிறது.

சரி, வேலையைப் பார்ப்போம். குழுவில் இருப்பவர்கள் வணிகவியல், தமிழ், சிவில் என்ஜினீயரிங். பிளாஸ்மா என்றால் என்னவென்று தெரியாதவர்களாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் புரிகிற மாதிரி நானே எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் சொல்.

"காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் எவர்சில்வர் கலத்துக்குள் கிராஃபைட் வில்லையை வைத்து அதன்மேல் லேசரை விட்டு விட்டு அடிக்கிறோம். அடிபட்ட இடத்திலிருந்து கரி ஆவியாகிச் சுடர்போல எழும்பும். அதுதான் பிளாஸ்மா. ஓர் அடிக்கு ஒரு சுடர், எழும்பிய வேகத்தில் அணைந்துவிடும். எதிரே வைத்த சிலிக்கான் தகட்டில் அந்தக் கரி மெல்லிய படலமாகப் படிகிறது. சரியாகப் படிந்தால் வைரத்துக்குப் பக்கத்தில் வருகிற கடினம். சரியாகப் படியாவிட்டால் அடுப்புக்கரி. எது நடக்கிறது என்பதைச் சுடரின் ஒளிதான் சொல்லும். ஊதா கலந்த நீலமாக இருக்கும்வரை நல்லது. கலத்துக்குள் விடுகிற ஆர்கான் வாயு கூடினால் கரி அணுக்கள் இரண்டிரண்டாகச் சேரும், சுடர் பச்சையாகும். பச்சை வந்தால் நிறுத்தி வாயுவைக் குறைக்கவேண்டும்.

"இந்த ஒளியைப் பிரித்து அளக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றொரு கருவி உண்டு. எங்கள் துறையிலும் உண்டு. அது சந்திரசேகர் சாரின் அறையில், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது வெளியே வரும். மற்ற நாட்களில் எங்கள் கண்தான் கருவி. நாங்கள் பயன்படுத்தும் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடும். அதற்காக ஆரஞ்சுக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அது லேசரையும் தடுக்கும், பச்சையையும் தடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு பச்சையைப் பார்க்க முடியாது. ஆகவே பச்சை பார்க்கும்போது எல்லோரும் அதைக் கழற்றினோம். தினமும் கழற்றினோம்."

இனி அன்று நடந்தது. முகூர்த்த நாள். சார் ஏதோ கல்யாண மண்டபத்தில். நீ லேசரின் விசைக்குப் பக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாய். மண்டபத்து நாதஸ்வரம் எனக்கே கேட்டது. "சரிங் சார், சரிங் சார்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "பச்சை வந்துருச்சான்னு கேக்கறாரு. கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு எட்டுப் பாரு அம்மிணி" என்றாய்.

பார்த்தேன். தேய்ந்துபோன வில்லைக்குப் பின்னால், அதைப் பிடித்திருக்கும் எஃகு வளையம் பளபளவென்று வெளியே தெரிந்தது. புது வில்லை வாங்கித் தரச்சொல்லி நாம் கேட்டுக் கேட்டு ஓய்ந்த அதே வில்லை. வளையத்தில் பட்டுத் திரும்பிய லேசர் கலத்தின் ஜன்னல் வழியாக வந்தது. கண்ணுக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அந்தக் கண்ணால் நான் கடைசியாக நேரே பார்த்த நிறம் பச்சை.

இதுவரை உன் பெயரை நான் எழுதவில்லை. 'கழற்றிப் பார்க்கும்படி சொல்லப்பட்டது' என்றுதான் எழுதியிருக்கிறேன். யார் சொன்னது என்பதை நீ எழுது.

புது வில்லைகள் வந்துவிட்டன என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. என் கண்ணின் விலை அது.

வெண்ணிலா


சூரமங்கலம்,
6 ஆகஸ்ட் 2024

வெண்ணிலாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ எழுதிய அறிவியலில் தப்பில்லை. ஆனால் தாமதம். என் வாக்குமூலத்தை ஜூலை முதல் வாரமே கொடுத்துவிட்டேன். நீயாகக் கழற்றினாய் என்று அதில் இல்லை. 'சம்பவ நேரத்தில் அவர் கண்ணாடி அணிந்திருக்கவில்லை' என்று மட்டும் எழுதினேன். அது உண்மை. பொய் எழுதினேன் என்று யாரும் சொல்லமுடியாது.

நீ என்னைக் கோழை என்று நினைக்கிறாய். ஏழு வருடமாக அந்த ஆளுடைய மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருகிறவன் நான். அவர் வீடு குடிபோனபோது பந்தியில் இலை எடுத்தேன். இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவன் எச்சில் இலை எடுத்தேன். அவருடைய மாமியாருக்கு ஸ்கேன் எடுக்க ஓமலூரிலிருந்து ஆட்டோவில் கூட்டிப்போனேன். எதற்கு? ஒரு வேலைக்கு. அதை ஒரு வாக்கியத்தில் கொளுத்தச் சொல்கிறாய். உனக்கு நடந்தது நடந்துவிட்டது. எனக்கும் நடக்கவேண்டுமா?

அந்த ஆய்வகத்தில் உன்னைச் சேர்த்துவிட்டதே நான்தான். அன்றைக்கு அண்ணா அண்ணா என்று பின்னாலேயே வந்தாய். அதையும் குழுவுக்கு எழுது.

சித்தப்பா இரண்டு முறை கல்லூரி வாசலில் வந்து நின்றார். வாட்ச்மேன் என்னிடம் வந்து "சார், உங்க சொந்தக்காரருங்களா?" என்று கேட்கிறான். இனி அனுப்பாதே.

அருணகிரி


புதுச்சத்திரம்,
18.8.24

சாமி அருணகிரிக்குச் சித்தப்பன் சென்னியப்பன் எழுதிக்கொண்டது.

நாங்க நல்லா இருக்கறோம். நீயும் நல்லா இருக்கோணும்.

உங்க காலேசு வாசல்ல நான் நின்னது சண்டைக்கு இல்ல சாமி. ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான் நின்னேன். நீ உங்க சாரு கார்ல முன்னால உக்காந்து போன. நான் கையக் காட்டுனேன். கார் கண்ணாடி ஏத்தியிருந்துச்சு, உனக்குத் தெரிஞ்சிருக்காது.

பாப்பா ஊட்டுல யாருகிட்டயும் பேசறதில்ல. தட்டுல சோத்தப் போட்டா மூஞ்சிய ஒருபக்கமாத் திருப்பி வெச்சுப் பாத்துத்தான் திங்குது. உங்கம்மாளும் எங்கூட்டுக்காரியும் பாலுக்கு உறைமோரு குடுத்து வாங்கறதக்கூட நிறுத்திப்போட்டாங்க. எதுத்தெதுத்தாப்புல ஊட்ட வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் கடைத்தயிரு வாங்கறாங்க.

எனக்கு லேசரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வர்ற வெள்ளிக்கெழம நம்ம முனியப்பன் கோயலுக்கு வா. சூடத்தப் பத்தவெச்சுக் கையில அணைச்சு, 'நான் பாக்கச் சொல்லுலீங்க சாமி'ன்னு சொல்லிப்போடு. நான் நம்பிக்கறேன். காயிதத்தயெல்லாம் கிழிச்சுப் போடுன்னு பாப்பாகிட்டயும் சொல்லிப்போடறேன். பஸ்சு தோதுப்படலீன்னா சொல்லு, வேன எடுத்துட்டு வந்து நானே கூட்டியாரேன்.

உடம்பப் பாத்துக்க சாமி.

சென்னியப்பன்


சூரமங்கலம்,
29 ஆகஸ்ட் 2024

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கல்லூரியில் கூட்டம். தவிர, நான் அறிவியல் படித்தவன். சூடம் அணைப்பதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. வேனை எடுத்துக்கொண்டு வரவேண்டாம். சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அருணகிரி


புதுச்சத்திரம்,
30 செப்டம்பர் 2024

அறிவியல் படித்தவனுக்கு,

அப்பா உன் கடிதத்தை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். "கூட்டம் இருந்திருக்குது பாவம்" என்றார். அவர் அப்படித்தான். நான் அப்படி இல்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு லேசருக்கு எலுமிச்சம்பழம் கட்டியது யார்? அந்த ஆரஞ்சுக் கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சார் முன்னால் பவ்யமாகத் தேங்காய் உடைத்தது யார்? நம்பிக்கை இல்லாதவன் சிரித்துக்கொண்டே வந்து சூடத்தை அணைத்துவிட்டுப் போயிருப்பான். உனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் நீ வரவில்லை.

வைவா முடிந்ததாமே. பெரியம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. காக்காய்க்கு வைத்தேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வலது கண்ணில் சுற்றியிருப்பதெல்லாம் தெரிகிறது. நடுவில்தான் இல்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைந்துவிடும். பஸ்ஸைப் பார்த்தால் சக்கரம் தெரியும், ஊர்ப்பெயர் தெரியாது. டாக்டர் இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார்.

அக்டோபர் 22 விசாரணை. உனக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். அங்கேயாவது வாயைத் திற.

வெண்ணிலா


புதுச்சத்திரம்,
25 அக்டோபர் 2024

அருணகிரிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

வேலை எப்படி நடக்கும் என்று குழுவின் தலைவர், அந்த வணிகவியல்காரர், முதலில் சாரைக் கேட்டார். சாருக்குப் பாடம் நடத்துவது போல ஆகிவிட்டது. "பிளாஸ்மாவில் பச்சை தெரிந்த உடனே நிறுத்திவிடுவோம். இந்த ஒழுங்கை என் மாணவர்களுக்குப் பழக்கியதே நான்தான். கண்ணாடி இல்லாமல் ஒருத்தரையும் அந்த ஜன்னல் பக்கம் விட்டதில்லை" என்றார்.

மேசைமேல் அந்தக் கண்ணாடியை வைத்திருந்தார்கள். இந்த வருடத்துச் சந்தனம் சட்டத்தில் ஒட்டியிருந்தது. எடுத்துத் தலைவரிடம் நீட்டினேன்.

"போட்டுக்குங்க சார். இந்த நோட்டீஸ்ல உங்க கையெழுத்து என்ன நிறம்?"

"பச்சைதாம்மா. நான் எப்பவும் பச்சை மையிலதான் போடுவேன்."

"போட்டுக்கிட்டுச் சொல்லுங்க."

போட்டார். குனிந்தார். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "கறுப்பால்ல இருக்குது!" என்றார்.

தமிழ்த்துறை மஞ்சுளா மேடம் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு தன் முந்தானையைப் பார்த்தார். கிளிப்பச்சைச் சேலை. "ஏனுங்க, என் சேலையே கறுத்துப்போச்சுங்க" என்று சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"கண்ணாடி போட்டா பச்சை தெரியாது. பச்சை தெரிஞ்சா நிறுத்தணும்னு சாரே சொல்றாரு. அப்ப நாங்க எப்படிப் பார்த்திருப்போம்னு நீங்களே கேளுங்க" என்றேன்.

சார் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "பச்சையை ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கவேண்டும். வெறுங்கண்ணால் பார்ப்பது இவர்களுடைய சோம்பேறித்தனம். கருவி எப்போதும் மேசைமேல்தான் இருக்கும். அருணகிரியைக் கேளுங்கள்."

உன்னைக் கூப்பிட்டார்கள். வந்தாய். சார் உன் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும்.

"அன்னிக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் எங்கப்பா இருந்துச்சு?" என்று தலைவர் கேட்டார்.

"மேசைமேலதானுங்க சார்" என்றாய்.

அப்போது நான் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு உன்னைப் பார்த்தேன். நாற்காலியின் முதுகு தெரிந்தது. உன் சட்டைக் கை தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

பதில் எழுதவேண்டாம்.

வெண்ணிலா


சூரமங்கலம்,
30 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கண் எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுது.

நான் நலமில்லை. குழுவின் அறிக்கை உனக்கும் வந்திருக்கும். உன்மேல் தப்பில்லை, இளைய ஆய்வாளர், மற்றவர்கள் செய்ததைப் பார்த்துச் செய்தார் என்று எழுதிவிட்டார்கள். உன் பதிவு நிற்கிறது. வேறு கைடு தருகிறார்களாம். சந்தோஷம்.

என்னைப் பற்றி எழுதியதைப் பார்த்தாயா? 'ஸ்பெக்ட்ரோமீட்டர் மேசைமேல் இருந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். கருவி இருந்தும் பயன்படுத்தாமல், லேசரை இயக்கிய மூத்த ஆய்வாளரே சக ஆய்வாளரின் கண்ணை ஆபத்துக்கு உள்ளாக்கினார்.' பட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த உதவிப் பேராசிரியர் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான். சாருக்கு ஒன்றும் இல்லை. வருகிற ஜூனிலிருந்து ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர்தான் டீன் என்கிறார்கள்.

போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனேன். "சார் ஊர்ல இல்லையே" என்று மேடம் இரும்புக் கேட்டுக்கு உள்ளேயே நின்று சொன்னார். மாடியில் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. ஏழு வருடமாகக் கேட்ட இருமல், எனக்குத் தெரியாதா? நான் கூட்டிவந்த அந்தப் பையன் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினான். உள்ளே இழுத்துவிட்டார்கள்.

ஜனவரி கடைசிவரை மேல்முறையீடு செய்யலாம். நீ ஒரு வாக்கியம் எழுதித் தந்தால் போதும். 'கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிச் சந்திரசேகர் சார் போனில் சொன்னதை நானும் கேட்டேன்.' அவ்வளவுதான். போன் சத்தமாகத்தான் இருந்தது. நாதஸ்வரம் கேட்டதாக நீயே எழுதியிருக்கிறாய். நாதஸ்வரம் கேட்ட காதுக்கு அவர் பேசியது கேட்காமலா போயிருக்கும்? கொஞ்சம் நினைத்துப் பார்.

நமக்குள் ஆயிரம் இருக்கும். நாம் ஒரே வாசலில் விளையாடியவர்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வரட்டுமா?

உன் அண்ணன்
அருணகிரி


புதுச்சத்திரம்,
20 ஜனவரி 2025

அருணகிரிக்கு,

கண்ணை விசாரித்திருக்கிறாய். முதல் கடிதத்தில் விசாரித்திருந்தால் விவரமாக எழுதியிருப்பேன். இனி மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதும்.

பொங்கலுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை, நீ வரவில்லை. அப்பா மட்டும் பஸ் வரும் நேரமாகப் பார்த்து இரண்டு தடவை நிறுத்தம்வரை போய்விட்டு வந்தார்.

மேல்முறையீட்டுக்கு என் பங்கை எழுதி அனுப்பிவிட்டேன். ஸ்பெக்ட்ரோமீட்டர் அலமாரியில் பூட்டிக் கிடந்ததை மறுபடியும் எழுதினேன். தேய்ந்த வில்லையை மாற்றித் தராமல் இழுத்தடித்ததை எழுதினேன். எல்லோரும் தினமும் வெறுங்கண்ணால் பார்த்ததையும் அதைச் சார் பார்த்துக்கொண்டு நின்றதையும் எழுதினேன். உனக்காக இல்லை. ஒரு கண்ணைத் தின்றவன் டீன் நாற்காலியில் சாய்ந்து உட்காரக்கூடாது என்பதற்காக.

நீ கேட்ட வாக்கியத்தை எழுதவில்லை. சார் போனில் சொன்னது என் காதில் விழவில்லை. விழுந்தது என்று எழுதினால் அது பொய். அதைக் கேட்ட சாட்சி ஒரே ஒருவன்தான் இருந்தான். ஜூன் மாதம் அவனிடம்தான் கெஞ்சினேன். அக்டோபரில் அவன் குழுவுக்கு முன்னால் நின்று தன்னைத்தானே பொய்யன் ஆக்கிக்கொண்டான். இனி அவன் உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்?

கேட்டதை மட்டும் எழுதினேன். நாதஸ்வரம் கேட்டது. அதற்கு மேல் உன் குரல் கேட்டது. "கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு எட்டுப் பாரு அம்மிணி." இத்தனை மாதமாகச் 'சொல்லப்பட்டது' என்று எழுதிவந்த இடத்தில் இந்தத் தடவை உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

அது உண்மை. பொய் எழுதினேன் என்று யாரும் சொல்லமுடியாது.

வெண்ணிலா